மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம்

எங்கள் ஊர்ப் பதிவாளர் அலுவலகத்தில் மதத்தையும் அரசாங்கத்தையும் பிரிப்பதற்குத் தரையில் ஒரு மஞ்சள் கோடு போட்டிருந்தார்கள். நம்பாதவர்கள் என் மச்சினனைக் கேட்டுக்கொள்ளலாம். கோட்டைப் போட்ட பெயிண்டர் அவன்தான். ஆனால் அவன் என்னைவிடக் கூடுதலாகப் புளுகுவான் என்பதால் என்னையே நம்பிவிடுவது உத்தமம்.

இரண்டும் தனித்தனியாக இருக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. பதிவாளர் நேர்மையானவர், சொன்னதைச் சொன்னபடி செய்பவர். வாசலோரம் யாரோ எப்போதோ வைத்த சின்ன விளக்கு ஒன்று இருந்தது. அதை வெளியே எடுக்கச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. விளக்கு மதம், மிச்சக் கூடமெல்லாம் அரசாங்கம் என்று அதைச் சுற்றிக் கோடு போடச் சொன்னார்.

விளக்குக்காரர்கள் காற்றுக்கு ஒரு தடுப்பு கேட்டார்கள். அப்புறம் எண்ணெய் டின் வந்தது. டின்னைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள், ஆளுக்கு ஒரு நாற்காலி. இதைப் பார்த்த அடுத்த மதத்தார் தங்களுக்கும் அதே அளவு இடம் கேட்டார்கள். நியாயம்தானே? மூன்றாமவர்களும் வந்தார்கள், அதுவும் நியாயம். பதிவாளர் எல்லாருக்கும் சமமாகவே கொடுத்தார். ஒருவர் இடத்திலிருந்து எடுத்து இன்னொருவருக்குக் கொடுத்தால் அது மத விஷயத்தில் தலையிடுவதாகிவிடும். அரசாங்கத்தின் பக்கம்தான் எல்லாருக்கும் பொது, ஆகவே எடுத்ததெல்லாம் அதிலிருந்துதான். ஒவ்வொரு தடவையும் மச்சினன் பழைய கோட்டைச் சுரண்டிவிட்டுப் புதுக்கோடு போட்டான். பீரோக்கள் மாடிப்படிக்குப் போயின. மேசை போயிற்று. நாற்காலியும் போன பிறகு பதிவாளர் நின்றபடியே வேலை பார்த்தார். ஒல்லியான மனிதர். அதனால்தான் அரசாங்கம் அவ்வளவு நாள் தாக்குப்பிடித்தது.

இந்தச் சமயம் பார்த்துத்தான் என் மகள் கல்யாணம் பண்ணிக்கொள்ளக் கிளம்பினாள். பையன் வேறு மதம். லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன். நான் விடும் கதைகளுக்குச் சரியான இடத்தில் சிரிப்பான், அதற்குமேல் ஒரு மாமனாருக்கு என்ன வேண்டும்? கோட்டுக்கு அந்தப் பக்கம் எல்லாம் சுலபம். இவள் மாறினால் அவர்கள் நடத்திவைப்பார்கள், அவன் மாறினால் இவர்கள். இரண்டு பேரும் மாற மாட்டோம் என்றார்கள். அப்படியானால் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுதான் கையெழுத்துப் போட வேண்டும். கல்யாணத்துக்குக் கொடுத்திருந்த நோட்டீஸ், நாங்கள் போன அன்று அலுவலகம் மூடுவதோடு காலாவதி.

நாங்கள் போனபோது அரசாங்கம் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு இருந்தது. அதற்குள் பதிவாளர் கால்களை ஒட்டிவைத்து நின்றிருந்தார். கக்கத்தில் முத்திரை.

"சாட்சி வெளிய நிக்கலாம். ஆனா பொண்ணு, மாப்பிள்ளை, நான், மூணு பேரும் உள்ளதான் நிக்கணும் ஐயா," என்றார்.

"நீங்க கொஞ்சம் வெளிய வாங்களேன் சார். புள்ளைங்க உள்ள போகட்டும்," என்றான் மச்சினன்.

"நான் வெளிய வந்துட்டா அப்புறம் நான் பதிவாளர் இல்லையேப்பா."

பையன் குறுகலான இடங்களில் வேலை பார்த்துப் பழகியவன். சற்று யோசித்தான். ஒரு காலை உள்ளே நுழைத்தான், பதிவாளரைத் தூக்கும்படி என்னிடம் சொன்னான், மறு காலையும் நுழைத்தான். நான் எத்தனையோ அரசாங்கங்களைப் பார்த்திருக்கிறேன், தூக்கியது அதுதான் முதல் தடவை. பெரிய கனமில்லை. அவரைப் பையனின் தோளில் உட்கார்த்தினேன். மகள் அவன் ஷூவின் மேல் ஏறி நின்றாள். அவன் நெஞ்சில் காகிதத்தை வைத்து அவள் கையெழுத்துப் போட்டாள், அவள் முதுகில் வைத்து அவன் போட்டான். முத்திரை ஒன்றுதான் பாக்கி. பதிவாளர் கையை ஓங்கிவிட்டார்.

எண்ணெய் டின்னுக்குக் காவலிருந்தவர் மரியாதையாக எழுந்தார். "சார், ஒரு சந்தேகம். கோடு தரையிலதான இருக்கு? மேல இருக்கற காத்து யாரோடது?"

ஒருநாளும் ஒன்றிலும் ஒத்துப்போகாத மற்ற மதத்தார் எல்லாரும் அது நியாயமான கேள்வி என்று ஒரே குரலில் சொன்னார்கள். அப்படி ஓர் ஒற்றுமையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது.

"சார், முதல்ல குத்துங்க. காத்த அப்புறம் பாத்துக்கலாம்," என்றேன்.

"அதெப்படிங்க? நான் எல்லாருக்கும் பொதுவானவன்."

மேற்கூரையிலும் ஒரு கோடு போட முடியுமா என்று மச்சினனைக் கேட்டார். ஏணிக்கு நாலு கால், அவற்றை யார் யார் பக்கம் ஊன்றுவது என்று அவன் கேட்டான். அதைப் பேசி முடிப்பதற்குள் அலுவலகக் காவலாளி ஜன்னல்களைச் சாத்த ஆரம்பித்துவிட்டான்.

இறக்கிவிடுவதற்காகப் பையன் ஓரடி நகர்ந்தான். அதற்குள் அவன் நின்றிருந்த தட்டளவு இடத்தில் யாரோ எண்ணெய் டின்னை வைத்துவிட்டார்கள். சும்மா கொஞ்ச நேரத்துக்கு என்றார்கள். பதிவாளருக்குக் கால் வைக்க இடமில்லை. பையன் அவரைத் தெருவரைக்கும் சுமந்துகொண்டு போய் இறக்கிவிட்டான். அவர் முத்திரையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.

"அப்பா, இனிமே நாங்க எங்க போய் நிக்கறது?" என்று கேட்டாள் மகள்.

எதற்கும் என்னிடம் ஒரு கதை கைவசம் இருக்கும். அன்றைக்கு ஓர் ஆட்டோவைத்தான் கூப்பிட்டேன்.

கோட்டைப் புதுப்பிக்கச் சொல்லி மச்சினனுக்கு இன்னும் ஆள் வருகிறது. பெயிண்ட் டின்னும் பிரஷுமாகப் போகிறான், இடம் தேடுகிறான், திரும்பி வருகிறான். மகள் என்னோடுதான் இருக்கிறாள். பையன் வேலை விட்டு வரும்போது வாசலுக்கு வெளியே நின்று பேசிவிட்டுப் போவான். உள்ளே வரச் சொன்னால் வர மாட்டான். அவனுக்காகவே புதுப்புதுக் கதைகளாகச் சொல்கிறேன். சிரிக்கத்தான் செய்கிறான், ஆனால் சரியான இடத்தில் இல்லை.