எலைன் மிஸ்ஸின் சிவப்பு அம்பு

இருபத்தொரு வருடம் பெங்களூர் கார்மென்ட்ஸ் ஒன்றில் தையலைச் சரிபார்க்கும் செக்கராக இருந்த எலைன், நாற்பத்தாறு வயதில் பி.எட். முடித்து, தன் ஊர்ப்பக்கம் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு சின்னப் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்கு மிஸ் ஆனாள். தெரிந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். சிரிப்புக்குப் பயந்தவளாக இருந்தால் அந்த வயதில் சின்னப் பெண்களோடு காலேஜ் பெஞ்சில் போய் உட்கார்ந்திருப்பாளா?

ஆனால் கை பழைய கைதானே. கார்மென்ட்ஸில் தையல் கோணினால் அந்த இடத்தில் குட்டியாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி, தைத்தவளிடமே திருப்பி அனுப்புவார்கள். அப்படித் திரும்பி வரும் துணிக்கு ஆல்டர் பீஸ் என்று பெயர். சரிசெய்ததும் ஸ்டிக்கரை உரித்துவிடலாம், துணியில் தடமே இருக்காது. பிள்ளைகளின் நோட்டில் சிவப்பு மையால் கிறுக்குவதைவிட இது எவ்வளவோ மேல் என்று எலைன் நினைத்தாள். நல்லது செய்வதாகத்தான் நினைத்தாள், பாவம். ஹர்ஷிதாவின் கணக்கு நோட்டில் ஒரே பக்கத்தில் பதினோரு அம்பு ஒட்டினாள்.

இரண்டு நாள் கழித்து பிரின்சிபால் ஒரு கடிதத்தை நீட்டினார். ஹர்ஷிதாவின் அம்மா ஷோபா டி.சி. கேட்டிருந்தாள். காரணம் ஒரே வரி: 'என் பொண்ணு ஆல்டர் பீஸ் இல்ல.'

"நீங்க வந்து ஒரு மாசம்கூட ஆகல. அந்தப் பொண்ணு போச்சின்னா நீங்களும் போக வேண்டியதுதான் மிஸ்," என்றார்.

எலைனுக்கு அந்தப் பெயர் தெரியும். ஷோபா அதே கார்மென்ட்ஸில் காலர் தைப்பவள். ஆறு வருடம் அவள் காலர்களைத் திருப்பி அனுப்பியதே எலைன்தான்.

இருட்டோடு கிளம்பி இருட்டியபின் திரும்புகிற ஷோபா எங்கே பள்ளிக்கு வருவது? எலைன் அந்த நோட்டை ஹர்ஷிதாவிடம் வாங்கிக்கொண்டு, மறுநாள் விடிகாலை மாரிகுப்பம் ஸ்டேஷனில், தான் தினமும் பெங்களூருக்கு வேலைக்குப் போன பழைய ரயிலில் பழைய பெட்டியில் ஏறினாள்.

"இன்னா எலைன், டீச்சர் வேல அதுக்குள்ள கசந்துடுச்சா?" என்று கார்மென்ட்ஸ் கூட்டம் கேலி செய்தது. வழியில் கோரமண்டல் ஸ்டேஷனில் ஏறிய ஷோபா அவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"கோச்சிக்காத ஷோபா. நல்லதுன்னு நெனச்சிதான் ஒட்டனேன்."

"இன்னாக்கா நல்லது? நா கெளம்பறப்பவும் அவ தூங்கறா, வர்றப்பவும் தூங்கறா. அந்த நோட்டப் பாத்துதான் எம்பொண்ணு இன்னிக்கி இன்னா பண்ணான்னு தெரிஞ்சிக்கறேன். அதுலயும் அம்பா?" ஷோபாவின் குரல் உடைந்தது. "எனுக்கு ஆறு வருஷம் ஒட்டினீங்க. நல்லா தெச்சிருக்கேன்னு ஒரு நாளாவது சொன்னீங்களா?"

எலைன் நினைத்துப் பார்த்தாள். நல்ல பீஸை யார் நின்று பார்த்தார்கள்? அது நேராகப் பேக்கிங் பெட்டிக்குப் போய்விடும்.

நோட்டை மடியில் விரித்து, பதினோரு அம்பையும் ஒவ்வொன்றாக உரித்தாள். பிறகு நல்லதைத் தேடினாள். தேடத் தெரியவில்லை. கண் தானாகத் தப்பிலேயே போய் நின்றது. அவளுக்கே வெட்கமாக இருந்தது. பங்காரப்பேட்டை நெருங்கும்போதுதான் ஒன்று அகப்பட்டது. விடை தப்பான ஒரு கூட்டலில், மனதில் வைத்த ஒன்றை அடுத்த இலக்கத்தோடு சேர்த்தது மட்டும் மிகச் சரி. உரித்ததில் ஓர் அம்பை அங்கே ஒட்டி, 'இங்கே நன்றாக யோசித்திருக்கிறாய்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஷோபாவின் கையில் கொடுத்துவிட்டு, பள்ளிக்குத் திரும்ப அங்கேயே இறங்கினாள். ஷோபா அதைப் பையில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை ஹர்ஷிதா நோட்டை நீட்டினாள். அதே பக்கத்தில், எலைனின் கையெழுத்தைக் காட்டிக்கொண்டு இன்னொரு சிவப்பு அம்பு.

"அம்மா டி.சி. வாணாம்னுட்டாங்க மிஸ். அவங்கதான் ஒட்டினாங்க. இது ஒங்குளுக்காம்."

எலைன் போர்டுப் பக்கம் திரும்பி நின்று அழுதாள்.