ஒழுகும் இடம்

“அத்தான், கார் சாவியைக் குடுங்க.”

மாப்பிள்ளை கைக்குப் போனதைத் திருப்பிக் கேட்கக் கூடாது என்று அம்மா தலைபாடாக அடித்துக்கொண்டு சொல்லியிருந்தாள். இளைய மகளான இவளோ வாசலில் நின்று, பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரி கேட்டாள். அக்காவின் முகம் செத்துப்போனது.

அத்தான் பழைய கார் தரகர். கண் ஆபரேஷனுக்குப் பிறகு ஓட்ட முடியாமல் போன அப்பா, தன் வாடகைக் காரை விற்றுத் தரச் சொல்லி அவரிடம் சாவியைக் கொடுத்திருந்தார். அவரும் பானெட்டைத் தூக்கி ஒரு பார்வை பார்த்து, “இன்ஜின் காலி மாமா. மேல கீழ எல்லாம் ஆயில். இரும்பு விலைக்குத்தான் போகும்” என்று தீர்ப்பு சொல்லிவிட்டார். இன்று நாலு மணிக்கு வாங்குகிற ஆள் வருகிறார்.

இவள் திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். அந்த வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவளுக்குக் கிடைத்த முதல் வேலை. ஊருக்கு வெளியே ஒரு தொழிற்சாலை ஆய்வகத்தில், காலை ஆறு மணி ஷிப்ட். அந்நேரத்துக்கு அங்கே பஸ் கிடையாது. கார் போனால் வேலையும் போனது.

“எங்க ஒழுகுதுன்னு பாக்காமலே காலின்னா எப்படி? கழுவிப் பாத்துடுறேன்.”

“காலேஜ்ல கார் கழுவவா சொல்லிக் குடுத்தாங்க?”

“படிக்கச் சொல்லிக் குடுத்தாங்க. காரோட வந்த புத்தகத்தோட உறையக்கூடப் பன்னெண்டு வருஷமா யாரும் பிரிக்கல.”

அத்தான் சிரித்துக்கொண்டே சாவியை எறிந்தார். “விளையாடு. நாலு மணிக்கு என் கையில இருக்கணும்.”

இன்ஜினில் கை வைத்துப் பார்த்தாள், சில்லென்று இருந்தது. பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றினாள். ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பெட்டி, காற்று போகிற வாய் மூன்றுக்கும் தண்ணீர் புகாதபடி பிளாஸ்டிக் பை சுற்றி ரப்பர் பேண்ட் போட்டாள். தெறித்தால் கண் போகும் என்று கிரீஸ் கரைக்கும் திரவ டப்பாவில் எழுதியிருந்தது. உள்ளே போய் அப்பாவின் கறுப்புக் கண்ணாடியை உருவி மாட்டிக்கொண்டாள்.

“அடுத்த ஆபரேஷன் உனக்கா?” என்றார் அப்பா.

திரவத்தை இன்ஜின்மேல் அடித்து, அது காய்வதற்குள் பிரஷ்ஷால் தேய்த்தாள். பன்னிரண்டு வருஷத்து அழுக்கு கறுப்புக் கூழாக இறங்கி, அடியில் விரித்திருந்த பழந்துணியில் ஊறியது. பாதித் தேய்ப்பில் அத்தான் தண்ணீர் பீய்ச்சும் பிரஷர் பைப்பை இழுத்துக்கொண்டு வந்தார்.

“தடவித் தடவி எப்ப முடிப்ப? தள்ளு, ஒரே அடி.”

இவள் இன்ஜினுக்கு முதுகு காட்டி நின்றாள். “அதை அடிச்சா ஒயருக்குள்ள தண்ணி போயி வண்டி நிஜமாவே செத்துடும். உங்களுக்கு அதுதான் வசதின்னா அடிங்க.”

“ஏய், வாயக் குறைடி!” என்று அக்கா கத்தினாள். அத்தான் பைப்பைக் கீழே போட்டார்.

குழாய்த் தண்ணீரை மெல்ல விட்டு அலசினாள். துடைத்தாள். பானெட்டைத் திறந்து வைத்து வெயிலில் இரண்டு மணி நேரம் காயவிட்டு, பக்கத்திலேயே காவல் நின்றாள். பைகளை எடுத்து, ஒயரை மாட்டிச் சாவியைத் திருகினாள். முதல் தடவை இருமியது. இரண்டாவது தடவை பிடித்துக்கொண்டது. அறைக்குள் இருந்த அப்பா சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

கால் மணி நேரம் ஓடவிட்டாள். சுத்தமான இரும்பில், இன்ஜினின் மேல் மூடியின் பின் ஓரத்தில் மட்டும், நூல் மாதிரி ஒரு கோடு ஆயில் கசிந்தது. வேறெங்கும் ஒரு பொட்டுகூட இல்லை.

“இன்ஜின் காலி இல்ல அத்தான். மூடிக்கு அடியில இருக்கிற இந்த ரப்பர் பேக்கிங்தான் காலி.”

அத்தான் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது சிரிப்பு இல்லை. “நல்லதாப் போச்சு, வர்றவர் கூடுதலாவே குடுப்பார். மணியாச்சு. சாவி.”

“குடுத்துடுடி,” என்று அம்மா கெஞ்சினாள். “மாப்பிள்ளை மனசு கோணக் கூடாது.”

இவள் இன்ஜினை அணைத்தாள். கறுப்புக் கண்ணாடியைத் துடைத்து, வாசலுக்கு வந்திருந்த அப்பாவின் கையில் வைத்தாள். சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

“வர்றவர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க அத்தான். திங்கட்கிழமை இந்த வண்டிக்கு வேலை இருக்கு.”

கார்ப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பேக்கிங் வாங்க, ஸ்பேர் பார்ட்ஸ் கடையை நோக்கித் தெருவில் இறங்கி நடந்தாள்.