சிறுவாச்சூரைப் பார்த்த டிஷ்கள்

நர்மதா கல்யாணமாகிச் சிறுவாச்சூருக்குப் போன அன்று மதியம், திருமானூரை அடுத்த மேலக்கொல்லையில் இருந்த டிஷ்கள் எல்லாம் வானத்தை விட்டுவிட்டு வடமேற்கே திரும்பிக்கொண்டன. பெண் மாப்பிள்ளை ஏறிய வேன் அரியலூரைத் தாண்டும்போது ஓட்டு வீட்டு டிஷ்களும், பெரம்பலூரைத் தாண்டும்போது மாடி வீட்டு டிஷ்களும் திரும்பின. போல்ட் துருப்பிடித்த வீடுகளில் மட்டும் கிறீச்சென்று சத்தம் கேட்டது. கல்யாணச் சாப்பாட்டு மயக்கத்தில் கிடந்த ஊர், சாயங்காலம் சீரியல் நேரம் வரும் வரைக்கும் இதைக் கண்டுகொள்ளவில்லை.

காரணத்தை ராஜவேல் அப்போதே சொல்லிவிட்டார். அந்த ஊருக்கு டிஷ் மாட்டியவர் அவர்தான். கூரை மேல் ஒருவர் டிஷ்ஷை இம்மி இம்மியாகத் திருப்ப, உள்ளே டிவி முன்னால் நிற்கும் ஒருவர் படம் வந்ததா போனதா என்று கத்த வேண்டும், வேலையே அவ்வளவுதான். ஆனால் ஊரில் மற்றவர்கள் திரையில் ஒரு கோடு தெரிந்தாலே வந்துவிட்டது என்று கத்திவிட்டு உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். நர்மதா அப்படியல்ல. திரையில் சிக்னல் காட்டும் சிவப்புக் கோடு முழுக்கப் பச்சையாகும் வரை விடமாட்டாள். குரலும் அப்படி. கரும்புக்கொல்லையில் நின்று அப்பாவைக் கூப்பிட்டால் கொள்ளிடத்தின் அக்கரையில் யாராவது ஒருவர் ஏன் என்று கேட்பார். அதனால் எந்த வீட்டில் டிஷ் மாட்டினாலும் ராஜவேல் அவளைத்தான் டிவி முன்னால் நிறுத்தினார். டிஷ்கள் வானத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்டது அந்தக் குரலைக் கேட்டுத்தான். குரல் போன திசையில் அவையும் போயின.

தன் பெண்ணால் வந்த வினை என்பதால், ஊர் சார்பாக கஸ்டமர் கேருக்குப் போன் செய்யும் வேலை நர்மதாவின் அப்பா கொளஞ்சியப்பன் தலையில் விழுந்தது. தமிழுக்கு ஒன்றை அழுத்தி, புகாருக்கு மூன்றை அழுத்தி, உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று ஒரு பெண் குரல் திரும்பத் திரும்பச் சொன்னதைக் கேட்டுக்கொண்டே ஒரு வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சி முடித்த பிறகு, அறிவரசன் என்ற பையன் எடுத்தான்.

“பாக்ஸ ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க சார்.”

“பாக்ஸு நல்லாத்தான் தம்பி இருக்கு. டிஷ்ஷு சிறுவாச்சூரப் பாத்துக்கிட்டு நிக்குது.”

“சிறுவாச்சூர்ல நமக்கு சாட்டிலைட் எதுவும் இல்லீங்களே சார்.”

“சாட்டிலைட் இல்ல தம்பி. எம் பொண்ணு நர்மதா இருக்கா.”

அறிவரசன் பல மாவட்டங்களின் புகார்களைக் கேட்டவன். இந்தப் பதிலை மட்டும் அவன் மறக்கவில்லை. கம்பெனி ஆள் அனுப்பியது. வந்தவர் ஸ்பேனர் போட்டு டிஷ்களை வானத்துக்குத் திருப்புவார். அவர் பைக் ஏரிக்கரையைத் தாண்டுவதற்குள் அவை பழையபடி திரும்பிவிடும். அடுத்து வெல்டிங்காரரைக் கூட்டிவந்து பற்றவைத்துப் பார்த்தார்கள். பற்றவைத்த டிஷ்கள் குழாயோடு சேர்ந்து வளைந்தன. ஆடியும் ஐப்பசியும் போயின. புகார் தீர்க்கப்பட்டது என்ற குறுஞ்செய்தி மட்டும் மாதம் தவறாமல் வந்துகொண்டிருந்தது.

சிறுவாச்சூரில் நடந்தது இதைவிட மோசம். நர்மதாவின் மாமியார் ரத்தினம்மாள் குரும்பலூரிலிருந்து அந்த வீட்டுக்கு வாழ வந்தவள். வந்த அன்றே, வீட்டுப் பெண்ணின் சத்தம் வாசற்படி தாண்டக்கூடாது என்று அவளுக்குச் சொல்லப்பட்டது. அவள் அதைக் காப்பாற்றி, அப்படியே மருமகளிடம் ஒப்படைத்தாள். அவள் கெட்டவள் அல்ல; அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நர்மதாவின் குரல் ஆடியில் கறிவேப்பிலை மரம் வரைக்கும்தான் போனது. ஐப்பசியில் துவைக்கிற கல்லோடு நின்றது. தை மாதம் அடுப்பைத் தாண்டவில்லை. கோயில் வாசலில் அர்ச்சனைத் தட்டு விற்கும் அவள் புருஷன் சக்தி பயந்துபோய்ப் பெரம்பலூர் டாக்டரிடம் கூட்டிப்போனான். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து, தொண்டை நன்றாக இருக்கிறது, குரல்தான் இல்லை என்றார். மாசியில் கொளஞ்சியப்பன் போன் செய்தபோது மறுமுனையில் காற்று மட்டும் வந்தது. அவர் கரும்புக்கொல்லை நடுவில் உட்கார்ந்து அழுதுவிட்டு, சிக்னல் கிடைக்கவில்லை என்று வீட்டில் சொன்னார். டிவி போனதற்கு அத்தனை கோபப்பட்ட ஊர், இதற்குக் கோபப்படவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பங்குனியில் ரத்தினம்மாள் வீட்டு டிஷ் தலையைக் குனிந்துகொண்டது. ஓர் ஊர் டிஷ்கள் மாதக்கணக்கில் தன் வீட்டையே உற்றுப் பார்த்தால் எந்த டிஷ்தான் கூசாது. சீரியல் முக்கியமான கட்டத்தில் நின்றுபோனது. ரத்தினம்மாள் கஸ்டமர் கேருக்குப் போன் போட்டாள். எடுத்தவன் அறிவரசன். சிறுவாச்சூர் என்ற பெயரைக் கேட்டதும் அவன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“அம்மா, உங்க வூட்டுல நர்மதானு யாராச்சும் இருக்காங்களா?”

“எம் மருமவதான். அவளுக்கு என்ன?”

“அவங்கள மாடிக்குப் போயி, மேலக்கொல்ல டிஷ்ஷையெல்லாம் வானத்தப் பாக்கச் சொல்லிக் கத்தச் சொல்லுங்க.”

“எங்க வூட்டுல பொம்பளைங்க கத்தமாட்டாங்க தம்பி.”

“அப்ப சீரியல் வராதுங்கம்மா.”

ரத்தினம்மாள் போனைக் காதிலிருந்து எடுக்காமலே யோசித்தாள். பிறகு மாடிப்படியைக் கை காட்டினாள்.

நர்மதா மேலே போய்த் தென்கிழக்கே பார்த்து நின்றாள். முதல் தடவை வாய் திறந்தபோது மூச்சு மட்டும் வந்தது. இரண்டாம் தடவை துவைக்கிற கல் வரை போனது. கீழே தெருவில் நின்ற சக்தி, “இன்னும் நல்லா, நர்மதா” என்றான். அம்மாவை மீறி அவன் சொன்ன முதல் வார்த்தை அது. மூன்றாம் தடவை, “மேல ஏத்து, இன்னும் மேல” என்று அவள் கூப்பிட்ட குரல் நெடுஞ்சாலையைத் தாண்டியது. திருச்சி பஸ் ஒன்று தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நின்றுவிட்டது. குரல் அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரிகளின் மேல் படிந்த தூசியைக் கிளப்பிவிட்டு, திருமானூர் நாற்றங்கால்களில் நின்ற கொக்குகளை எழுப்பிவிட்டு, மேலக்கொல்லைக்குள் நுழைந்தது. வெல்டிங் வைத்தவை உட்பட எல்லா டிஷ்களும் ஒன்றாக நிமிர்ந்தன. கொளஞ்சியப்பன் கொல்லையில் மண்வெட்டியைப் போட்டுவிட்டு, “இந்தா வரேன்” என்று பதில் கொடுத்தார்; பழக்கம் அப்படி. ஊர் முழுக்கப் படம் வந்தது. அன்று மேலக்கொல்லையில் வெடி வெடித்தார்கள்.

உற்றுப் பார்த்த கண்கள் விலகியதும் சிறுவாச்சூர் டிஷ்ஷும் கூச்சம் தெளிந்து மெதுவாகத் தலையைத் தூக்கியது. எங்கே நிறுத்துவது என்று உள்ளே இருப்பவர்தான் சொல்ல வேண்டும். “அத்தே, வந்துருச்சா?” என்று நர்மதா மேலிருந்து கேட்டாள். வந்தது. ரத்தினம்மாள் வந்துவிட்டது என்று சொல்லவும் சொன்னாள். ஆனால் அவள் குரல் அடுப்படியோடு நின்றது, டிஷ் இடத்தைத் தாண்டிப் போனது, படம் மறைந்தது. டிஷ் திரும்ப இறங்கி வந்தபோதும் அப்படியே ஆனது. அடுத்த தடவை படம் வந்தபோது, சீரியலில் மருமகள் மாமியாரைப் பார்த்து வாய் திறக்கும் கட்டம். ரத்தினம்மாள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“வந்துருச்சுடி நர்மதா, அப்புடியே நிறுத்து.”

அந்தக் குரலைச் சிறுவாச்சூரில் யாரும் அதற்கு முன் கேட்டதில்லை. அது வாசற்படியைத் தாண்டியது, கோயில் மணியைத் தானாக அடிக்கவைத்தது, அவள் பிறந்த குரும்பலூருக்குப் போய்ச் சேர்ந்தது. குரும்பலூர் டிஷ்கள் அத்தனையும் வானத்தை விட்டுவிட்டுச் சிறுவாச்சூர் பக்கம் திரும்பின. வாழ்நாளில் முதல் தடவையாகத் தன்னை ஓர் ஊரே திரும்பிப் பார்த்தது என்று கேள்விப்பட்டபோது ரத்தினம்மாளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதை அவள் மறைக்கவும் இல்லை.

இப்போது கஸ்டமர் கேருக்குப் போன் செய்தால், திருமானூர் பக்கத்துப் புகாருக்கு நான்கையும் குரும்பலூர் பக்கத்துப் புகாருக்கு ஐந்தையும் அழுத்தச் சொல்கிறார்கள். நான்கை அழுத்தினால் நர்மதா உடனே மாடிக்குப் போய்விடுவாள். ஐந்தை அழுத்தினால் சீரியல் முடியும் வரை காத்திருக்க வேண்டும். குரும்பலூர்க்காரர்கள் காத்திருக்கிறார்கள்.