தக்கையின் கடற்பெயர்

கற்றவர்கள் பொறுத்தருள வேண்டும். எங்கள் தீவுக்கு வந்த முதல் படகில் ஒரு பெண் வாய்திறக்க அஞ்சியிருந்த சிறுபொழுதை, எழுதிப் பழகாத நான் சொல்லத் துணிகிறேன்.

...தக்கைக்குக் கடலில் என்ன பெயர், என்ன பெயர், கணவன் கேதில் ஒருமுறை சொன்னானே, கரையில் வழங்கும் பெயரைப் படகில் உச்சரித்தால் கடல் அந்தப் பொருளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுமாம், ஆகவே கத்திக்குக் கூரி, பூனைக்குப் பிறாண்டி, தக்கைக்கு...? முயிரென் வைக்கோலுக்குள் காலால் துழாவினாள். படகின் அடித்துளையை அடைத்திருந்த மரத்தக்கை அங்கே இல்லை, ஆடு ஏதாவது உதைத்துத் தள்ளியிருக்க வேண்டும், குதிகாலைத் துளைமேல் வைத்து அழுத்தினாள், குளிர் தொடைவரை ஏறிற்று. எத்தனை நேரம் தாங்கும் இந்தக் கால்? படகில் இருப்பது ஆறு ஆடுகள், மூன்று மூட்டை விதைப் பார்லி, ஓர் அரைகல், புதுத்தீவில் வரப்போகும் குளிர்காலத்துக்கு அவ்வளவுதான் கையிருப்பு... காலையில் வாய்தவறிப் பூனை என்றாள், உடனே காற்று திரும்பிவிட்டதே, அது அவளால்தானா? அயர்லாந்திலிருந்து அடிமையாக வந்தவளுக்கு இவர்கள் மொழியே பாதிதான் வரும், அதற்குள்ளே இன்னொரு மொழியா?

துடுப்பு வலித்துக்கொண்டிருந்த கேதிலின் தம்பி ஹாவர்த் அவளைப் பார்த்துச் சிரித்தான். "என்ன மதினி, மூஞ்சி மோராட்டம் வெளுத்துக் கெடக்கு? இன்னொரு பிறாண்டி வாய்க்குள்ள நிக்குதா? வெளிய விட்டீங்கன்னா இங்கயே எறங்கிக்க வேண்டியதுதான்."

"சும்மா இருடா, அவளே நடுங்கிக்கிட்டிருக்கா," என்றான் சுக்கான் பிடித்திருந்த கேதில்.

விளையாட்டுக்குத்தான் சொன்னான்... விளையாட்டுக்குத்தானா? கையால் காட்டலாமா, காட்டினால் எதை என்று கேட்பார்கள், கேட்டால் சொல்ல வேண்டுமே. வைக்கோல் மிதக்கத் தொடங்கியது, ஆடுகள் முட்டி மோதின, குதிகால் இருக்கிறதா என்றே தெரியவில்லை, அப்போதுதான் தோன்றியது, சொன்னால் கடல் தக்கையைத்தானே எடுத்துக்கொள்ளும், அதுதான் ஏற்கெனவே போய்விட்டதே, பிறகு எதற்கு இந்தப் பயம்... கால் வழுக்கிற்று, துளையிலிருந்து நீர் பீறிட்டது.

"தக்கை! டேய், தக்கை போச்சுடா! மூட்டையத் தூக்கி எறி!" கத்தியவன் கேதில். கரைப்பெயர், முழுசாக, நடுக்கடலில். முயிரென் தன் போர்வையைத் துளையில் திணித்தபடி அலைகளைப் பார்த்தாள். எதுவும் எழவில்லை, எதுவும் இருளவில்லை. மூட்டைகள் ஒவ்வொன்றாக விழுந்தன, அரைகல்லின் மேற்கல் விழுந்தது, பிறகு ஆடுகள், அவற்றின் கத்தல் கொஞ்ச தூரம் கூடவே வந்தது.

கரையேறியதும் ஹாவர்த், "எல்லாம் காலையில இவங்க சொன்ன அந்த வார்த்தையால வந்தது," என்றான். கேதில் தரையைப் பார்த்தான். தான் கத்தியது அவன் காதில் விழவில்லையா, அல்லது விழுந்ததாலா இந்த மௌனம்? கெடுத்தது சொன்ன சொல்லா, சொல்லாத சொல்லா... அவள் கேட்கவில்லை.

போனவை: விதைப் பார்லி மூன்று மூட்டை, சினையாடு நான்கு, கிடா ஒன்று, அரைகல்லின் மேற்கல். எஞ்சியது ஓர் ஆடு.