வீம்பு பிடித்த கதவுகள்

மருந்துத் தொழிற்சாலைகளுக்கு, ஒன்று திறந்திருக்கும்போது மற்றது திறக்காத இரட்டைக் கதவு செய்யும் அந்த நிறுவனத்தில் அவளுக்குப் பெயரே பொத்தானக்காதான். கதவுகளை இயக்கும் நிரல் எங்காவது சொதப்புமா என்று கணித மாதிரி வரைந்து பார்ப்பது அவள் வேலை. தாளில் வட்டங்களையும் அம்புகளையும் போட்டு, சட்டைப் பொத்தான்களை நகர்த்துவாள். பொத்தான் நிற்கும் வட்டம்தான் கதவின் அப்போதைய நிலை.

இந்த முறை பொத்தான்கள் ஓரிடத்தில் மாட்டிக்கொண்டன.

"ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல சுவிட்சை அழுத்தினா, ஒவ்வொரு கதவும் மத்தது விட்டுக்கொடுக்கட்டும்னு காத்திருக்கும் சார். ரெண்டுமே திறக்காது."

மேலாளர் சிரித்தார். "எத்தனை தடவை அழுத்திப் பார்த்தாச்சு! ஒரு தடவைகூட நிக்கலம்மா. அந்தப் பொத்தானைச் சட்டையில தைங்க."

விற்பனையைக் கவனிக்கும் அவருடைய மைத்துனரும் கூடச் சேர்ந்து சிரித்தார். எலியும் பூனையுமாக இருந்தவர்கள் ஒத்துப்போனது அன்றுதான்.

அவளுக்குச் சுருக்கென்றது. சோதனை அறையின் இரட்டைக் கதவைக் காட்டினாள். "சரி, சார் உள்ளே நில்லுங்க. இவர் வெளியே. யார் முந்துறீங்கன்னு பார்ப்போம்."

அவள் கைதட்டியதும் இருவரும் பாய்ந்து அழுத்தினார்கள். இரண்டு விளக்கும் சிவந்தன. கதவுகள் அசையவில்லை.

"ஒருத்தர் 'வேண்டாம்' சுவிட்சை அழுத்தினா, மத்தவருக்குத் திறந்துடும்" என்றாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"அவனை அழுத்தச் சொல்லு!" ஒலிபெருக்கியில் மேலாளர்.

"அத்தான் அழுத்தட்டும். நான்தான் முதல்ல!"

சத்தம் கேட்டு, கணக்குப் பிரிவிலிருந்து மேலாளரின் மனைவி வந்தார். தம்பியையும் கண்ணாடிக்கு அப்பாலிருந்த கணவரையும் ஒரு பார்வை பார்த்தார்.

"ரெண்டு பேரும் விட்டுக்கொடுங்க. இப்பவே!"

இருவரும் ஒன்றாக 'வேண்டாம்' அழுத்தினார்கள். விளக்குகள் பச்சையாயின. உடனே இருவரும் ஒன்றாகத் 'திற' அழுத்தினார்கள். மறுபடி சிவப்பு. மறுபடி 'வேண்டாம்'. மறுபடி 'திற'.

பொத்தானக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. இரண்டு பக்கமும் ஒன்றாக அழுத்தி மோதினால் இரண்டு கதவும் விட்டுக்கொடுக்கட்டும் என்றுதான் அவள் திருத்தமே எழுதி வைத்திருந்தாள். அதன் லட்சணம் இப்போது கண்முன்னே மின்னி மின்னி அணைந்தது.

மின்சாரத்தை நிறுத்தி மேலாளரை வெளியே விட்டதும் அவள் திருத்தத்தைக் கிழித்துப் போட்டாள். மாலைக்குள் புதியது தயார். மோதல் வந்தால் எப்போதும் வெளிக்கதவுதான் விட்டுக்கொடுக்கும். பொத்தான்கள் எங்கேயும் மாட்டிக்கொள்ளவும் இல்லை, சுற்றிச் சுற்றி வரவும் இல்லை.

மேலாளர் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார்.

மைத்துனர்தான் முணுமுணுத்தார்: "அதெப்படி, எப்பவும் வெளியில நிக்கிறவன்தான் விட்டுக்கொடுக்கணுமா?"

"கணக்கு அப்படித்தான் சொல்லுது சார்" என்றாள் அவள். உள்கதவு விட்டுக்கொடுத்தாலும் கணக்கு சரியாகத்தான் வரும் என்பதை மட்டும் அவள் சொல்லவில்லை.