என் சுவரைத் தாண்டாத குண்டு

1

இந்தக் கதை எனக்குக் கற்பனையில் வரவில்லை, வாசலில் வந்தது. போன நவம்பரில் ஒரு சனிக்கிழமை பக்கத்து வீட்டு மார்லிஸ் கதவைத் தட்டினாள். கையில் அளவு நாடா. பனிக்காலணியைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து கேட்டாள்.

"வாசு, தூங்கும்போது தலைய எந்தப் பக்கம் வச்சுப் படுப்பே?"

"எதுக்கு?"

"மொதல்ல காட்டு."

காட்டினேன். என் தலைமாட்டுச் சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தாள். வெற்று அட்டைப்பெட்டியைத் தட்டியதுபோல ஒலித்தது. "சனியனே," என்றாள். என்னையல்ல, சுவரை.

வேறு தொடக்கங்களும் எழுதிப் பார்த்தேன்.

*கிழக்கு மொன்டானாவில் காற்று ஒரு* — (விட்டுவிட்டேன். காற்றில் தொடங்கும் கதைகளை நானே இரண்டாம் பக்கத்தில் மூடிவிடுவேன்.)

*துப்பாக்கி வைத்திருப்பவர்களைப் பற்றி நமக்கு ஒரு* — (இது கட்டுரை. அதுவும் நான் ரொம்ப நல்லவள் என்று காட்டிக்கொள்ளும் கட்டுரை.)

ஆகவே அளவு நாடாவிலிருந்தே தொடங்குகிறேன். நாங்கள் இருப்பது நடுவில் ஒரே சுவர் வைத்துக் கட்டிய இரட்டை வீடு. மார்லிஸ் பள்ளி பஸ் ஓட்டுகிறாள், அறுபதை நெருங்குகிறவள், தனியாள். நான் இந்த ஊர் ஆஸ்பத்திரியில் மருந்தாளுநர். வந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. நானும் தனியாள்தான். அவளுடைய முன்னறையின் கடைசிச் சுவரும் என் படுக்கையறைச் சுவரும் ஒன்றே.

2

வோஸ் என்பவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தப் பகுதியை நான்கு முறை எழுதிவிட்டேன். ஒவ்வொரு முறையும் அவன் கூடுதலாகக் கெட்டவனாகிக்கொண்டே போனான்.

நடந்தது மட்டும்: மூன்று வருடத்துக்கு முன் ஒரு காலை, மார்லிஸ் பஸ்ஸை நிறுத்தி, சிவப்பு விளக்கைப் போட்டு, எல்லா வண்டியும் நிற்கவேண்டுமென்று பக்கவாட்டில் நிறுத்தப் பலகையை நீட்டியிருந்தாள். ஜோலின் என்ற ஆறு வயதுப் பெண் சாலையைக் கடந்து பஸ்ஸுக்கு வந்துகொண்டிருந்தாள். வோஸின் பிக்கப் வண்டி நிற்காமல் வந்தது. அவன் விடியவிடியக் குடித்திருந்தான். குழந்தை பிழைக்கவில்லை. நீதிமன்றத்தில் சாட்சி சொன்னது மார்லிஸ். அவனை எதிரே பார்த்த பெரியவர் அவள் ஒருத்திதான்.

போன இலையுதிர் காலத்தில் அவன் சிறையிலிருந்து வெளியே வந்தான். அதன் பிறகு அவன் பிக்கப் எங்கள் வீட்டுக்கு எதிரே சாலையோரம் வந்து நிற்கத் தொடங்கியது. இறங்கமாட்டான். எஞ்சினை அணைக்கமாட்டான். கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போய்விடுவான். மறுபடி வருவான்.

மார்லிஸ் ஷெரிஃபிடம் போனாள்.

"ரோட்ல வண்டிய நிறுத்தறது குத்தமில்லயே மார்லிஸ்."

"என் வீட்டயே மொறச்சுப் பாத்துகிட்டு நிக்கறான்."

"மொறைக்கறதும் குத்தமில்ல. வாசலுக்கு வந்தான்னா கூப்பிடு. ஆனா எங்க ஆளு வந்து சேர நேரமாகும், அதையும் சொல்லிடறேன்."

அந்தக் கடைசி வாக்கியம்தான் அவளைக் கொட்டகைக்கு அனுப்பியது.

3

கொட்டகை என்பது கார் நிறுத்துமிடத்தின் பின்பாதி. அங்கே ஒரு மேசை. அதில் திருகி மாட்டிய நெம்புகோல் அச்சு, சின்னத் தராசு, பித்தளைக் கூடுகள் நிறைந்த காப்பி டப்பாக்கள். மான் வேட்டைக்கும், மேய்ச்சல் நிலத்தைக் குடைந்து தள்ளும் பிரெய்ரி அணில்களைச் சுடவும் மார்லிஸ் எப்போதும் தன் தோட்டாக்களைத் தானே செய்துகொள்வாள். கூட்டில் வெடிமருந்தை அளந்து கொட்டி, வாயில் குண்டைப் பொருத்தி, நெம்புகோலை அழுத்தினால் ஒரு தோட்டா. எனக்கு அந்த மேசை புதிதாகப் படவில்லை. நானும் நாளெல்லாம் கிராம் கணக்கில் அளந்து டப்பியில் போடுகிறவள்தானே.

வோஸ் வீட்டுக்குள் வந்தால் எதைப் போட்டுச் சுடுவது என்று, மேசைமேல் இரண்டு பெட்டி குண்டுகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இது மான் குண்டு. கனம். எலும்பு கிலும்பு எதுவும் தடுக்காது, நேரா போயிடும்." மற்றதைத் திறந்தாள். "இது அணில் குண்டு. எடை கம்மி, மேல்தோல் மெலிசு, வேகம் ஜாஸ்தி. எதுல பட்டாலும் ஒடஞ்சு சிதறிடும்."

"அப்ப அணில் குண்டயே போடு."

"ஈசியா சொல்லிட்டே. அணிலு சட்ட போட்டுக்காது கண்ணு. ஜனவரில ஒரு ஆளு என்னென்ன போட்டிருப்பான்? கோட்டு, உள்ள ஒரு கோட்டு, அதுக்குள்ள கம்பளி. அங்கயே சிதறிப் போச்சுன்னா, அவன் நேரா எங்கிட்ட வந்துடுவான்."

"மான் குண்டு போட்டா?"

"அவனத் தாண்டி உங்கிட்ட வந்துடும்."

நான் மான் குண்டுப் பெட்டியைத் தள்ளி வைத்தேன்.

"கைத்துப்பாக்கி வாங்கிக்கயேன்," என்றேன்.

"அதோட குண்டு இந்த அணில் குண்டவிட ஜாஸ்தி சுவரத் தாண்டும். நம்பமாட்டே, ஆனா அதான் நெஜம். அதவிட, எனக்குக் கை பழகினது ரைஃபிள்தான். கை நடுங்கற நேரத்துல புதுசா எதயும் கத்துக்க முடியாது." பெட்டியை மூடினாள். "துப்பாக்கிக் கடைக்காரன் இன்னொண்ணு சொன்னான். வீட்ல செஞ்ச தோட்டாவால சுட்டா, நாளைக்கு கோர்ட்ல எதிர்வக்கீல், 'இந்தப் பொம்பள ஆளக் கொல்லணும்னே தனியா தோட்டா செஞ்சிருக்கா'ம்பானாம்."

"நீ என்ன சொன்னே?"

"பக்கத்து வீட்டுக்காரியக் கொல்லக்கூடாதுன்னு தனியா செஞ்சேன்னு சொல்லுவேன்னேன். சிரிக்கறான் தடியன்."

(இந்த இடத்தில் வாசகருக்கு ஒரு சந்தேகம் வரும், எனக்கும் வந்தது: இந்தப் பாத்திரம், அதாவது நான், ஏன் வீட்டைக் காலி செய்துகொண்டு போகவில்லை? கதையில் என்றால் ஒரு காரணம் கொடுத்திருப்பேன். வாழ்க்கையில் காரணம் எதுவும் இல்லை. பயமாக இருந்தது, இருந்தேன். மார்லிஸ் இருந்தாள், அதனால் நானும் இருந்தேன்.)

4

ஊருக்கு வெளியே சரளைக்கல் குழிக்குப் போனோம். மார்லிஸ் எங்கள் சுவரைப் போலவே ஒரு சுவர் செய்து கொண்டுவந்திருந்தாள்: மரச்சட்டம், இரு பக்கமும் ஜிப்சம் பலகை. அதன் முன்னால் என் பழைய குளிர்கால மேல்கோட்டைத் தொங்கவிட்டோம். சுவருக்குப் பின்னால், என் தலை இருக்குமிடத்தில், தண்ணீர் நிரப்பிய பால் கேன்.

கோட்டு வேண்டுமென்று அவள் கேட்டபோது யோசிக்காமல் கொடுத்துவிட்டேன். அங்கே அது தொங்கியபோதுதான் முழங்கையில் நானே போட்ட தையல் தெரிந்தது.

மான் குண்டு கோட்டையும் சுவரையும் கேனையும் கடந்து மண்மேட்டில் புகுந்தது. கேன் வெடித்துத் தண்ணீர் எங்கள் காலடிவரை தெறித்தது.

அணில் குண்டு கோட்டில் சின்ன ஓட்டைதான் போட்டது. சுவரின் முன்பலகையில் கந்தலாய் ஒரு கிழிசல். பின்பலகையில் பொடிப்பொடியாய் மூன்று நான்கு துளைகள். புதுக் கேனில் ஓர் ஓரத்தில் கோடாகத் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது.

மார்லிஸ் குனிந்து அந்த ஒழுகலை விரலால் அடைத்தாள். "இது உன் கன்னம்," என்றாள். "அவ்வளவுதான். கன்னத்துல தையல் போட்டுக்கலாம்."

"கண்ணா இருந்தா?"

அவள் விரலை எடுத்தாள், மறுபடி ஒழுகியது.

அணில் குண்டையே தேர்ந்தெடுத்தாள். இல்லை, வேறு வழியில்லாமல் அதில் வந்து நின்றாள். தேர்ந்தெடுப்பது என்ற சொல் இங்கே கொஞ்சம் பெரியது.

5

ஓர் ஏற்பாடு செய்தோம். என் குளியலறையில் பழைய காலத்து வார்ப்பிரும்புத் தொட்டி ஒன்று இருக்கிறது. இந்த வீட்டில் குண்டை நிறுத்தக்கூடிய பொருள் அது ஒன்றுதான் என்றாள்.

"நான் 'தொட்டி'ன்னு கத்துவேன். எது கையில இருந்தாலும் போட்டுட்டு ஓடிப் போய் படு. எட்டிப் பாக்காத. கத எழுதறவ வேற, உனக்கு மூக்கு நீளம்."

அவள் நிற்கப்போகும் இடத்தையும் காட்டினாள்: தன் படுக்கையறை வாசல். அங்கே நின்றால் உடம்பு நிலைச்சட்டத்துக்குப் பின்னால் மறைந்திருக்கும். முன்னறை முழுதும் குறிக்குள் வரும். குறியின் கடைசியில் என் சுவர். இன்னோர் இடமும் உண்டு, அடுப்படி. அங்கிருந்து நேரே தெரு வாசல் தெரியும். வாசலுக்குப் பின்னால் சாலை, அறுத்துவிட்ட கோதுமை வயல், ஆளில்லாத வெளி. ஆனால் அடுப்படியில் மறைப்பே இல்லை. உள்ளே வருகிறவன் இரண்டு எட்டு வைத்தால் துப்பாக்கியின் முனையைப் பிடித்துவிடலாம்.

"அங்க நின்னா நான் காலி," என்றாள்.

6

ஜனவரியில் ஒரு ஞாயிறு மதியம். பனி விழத் தொடங்கியிருந்தது. நான் உருளைக்கிழங்கு வறுத்துக்கொண்டிருந்தேன். வெளியே எஞ்சின் சத்தம் கேட்டது, பிறகு நின்றது. அது நின்றதுதான் என்னை ஜன்னலுக்கு இழுத்தது. வோஸ் இறங்கிவிட்டான். தொப்பியைக் கழற்றாமல், கைகளைக் கோட்டுப் பையில் விட்டபடி சாலையைக் கடந்து வந்தான்.

"தொட்டி!"

அடுப்பை அணைத்தேனா என்று நினைவில்லை. போனை எடுத்துக்கொண்டு ஓடினேன். சட்டை கம்பளியோடு அந்த இரும்புக்குள் படுத்து ஷெரிஃப் அலுவலகத்தைக் கூப்பிட்டேன். முகவரி கேட்டார்கள். சொன்னேன். அவன் கையில் ஆயுதம் இருக்கிறதா என்றார்கள். கை பைக்குள் இருக்கிறது என்றேன். ரோடு மோசம், ஆள் கிளம்பிவிட்டார் என்றார்கள்.

கதவு தட்டும் சத்தம். மார்லிஸின் குரல், பஸ்ஸில் பின்சீட்டுப் பிள்ளைகளை அடக்கும் அதே குரல்: "கைய வெளிய எடு! ரெண்டு கையும்! எடுத்துட்டு வா!"

கதவு திறந்தது. பிறகு பேச்சு. ஆண் குரல், தாழ்ந்த குரல். ஒரு சொல்கூடப் புரியவில்லை. தொட்டியின் சில்லிப்பு மார்பில் ஏறியது. வெடிச் சத்தத்துக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். இப்போது வரும், இப்போது வரும் —

இந்தக் கதையின் உச்சக்கட்டத்தில் இதன் ஆசிரியர் குளியல் தொட்டியில் குப்புறக் கிடந்தாள் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

7

ஆகவே முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: அவன் பைக்குள் மறுபடி கைவிடுகிறான், மார்லிஸ் சுடுகிறாள், பைக்குள் இருந்தது ஜோலினின் படம். (எழுதி முடித்ததும் எனக்கே கூசியது. படத்தை வைத்தது வோஸ் அல்ல, நான்.)

இரண்டாவது: அவன் மண்டியிட்டு அழுகிறான், மார்லிஸ் துப்பாக்கியைத் தாழ்த்துகிறாள், வெளியே பனி — (போதும்.)

மூன்றாவதாக ஒன்றில் என்னைச் சுட்டுவிட்டாள். அது நன்றாகத்தான் வந்தது. ஆனால் நான் உயிரோடிருக்கிறேன்.

8

எஞ்சின் கிளம்பிப் போகும் சத்தம் கேட்ட பிறகும் நெடுநேரம் எழவில்லை. பிறகு அவள் வீட்டுக்குப் போனேன். மார்லிஸ் அடுப்படித் தரையில், அலமாரியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். மடியில் ரைஃபிள். தோட்டாவை வெளியே எடுத்துப் பக்கத்தில் வைத்திருந்தாள்.

"இங்கயா நின்னே?" என்றேன்.

"எனக்குத் தெரியல. கால் இங்க வந்துடுச்சு."

நானும் தரையில் உட்கார்ந்தேன்.

"என்ன கேட்டான்?"

"'கோர்ட்ல, நான் சிரிச்சுகிட்டே ஓட்டிட்டுப் போனேன்னு சொன்னியே. நெஜமாவே பாத்தியா?'ன்னான்."

அவள் அப்படிச் சாட்சி சொன்னது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நீதிபதி தண்டனையைப் படிக்கும்போது அந்த வார்த்தையை இரண்டு முறை எடுத்துச் சொன்னாராம்.

"சண்டைக்கு வந்தானா?"

"இல்ல வாசு. அதான் —" மூக்கைத் துடைத்தாள். "அவனுக்கு ஒண்ணுமே ஞாபகமில்லயாம். அந்தக் காலைல நடந்தது எதுவுமே. 'புள்ளயக் கொன்னது நான்தான், அது தெரியும். ஆனா சிரிச்சுகிட்டே கொன்னேனா? அத உன்னத் தவிர யாராலயும் சொல்ல முடியாது. அதக் கேக்கத்தான் ஒவ்வொரு தடவயும் வர்றேன், எறங்க முடியல'ன்னான்."

"நீ என்ன சொன்னே?"

"மொதல்ல பாத்தேன்னேன். அப்புறம், பல்லு தெரிஞ்சுதுன்னேன். அப்புறம் —" ரைஃபிளை மடியிலிருந்து தள்ளி வைத்தாள். "வெயில் எதிர்ல அடிச்சா கண்ணு கூசி யாருக்கும் பல்லு தெரியும். தெரியலடா, போய்த் தொலைன்னு கத்திட்டேன். தலைய ஆட்டிட்டுப் போயிட்டான். 'தேங்க்ஸ்'னு சொல்லிட்டுப் போறான், பாவி."

ஷெரிஃபின் ஆள் வந்தபோது, பேச வந்தான், பேசிவிட்டுப் போய்விட்டான் என்று மட்டும் சொன்னாள். திங்கட்கிழமை காலை வழக்கம்போல பஸ்ஸை எடுத்தாள். அந்த வாரமே வழக்கை நடத்திய அரசு வக்கீலிடம் போய், சொன்னதைத் திருத்த முடியுமா என்று கேட்டாள். அவன் தண்டனையை அனுபவித்து முடித்துவிட்டான், இனி எதற்கு என்று அவர் திருப்பிக் கேட்டாராம். ஜோலினின் அம்மாவிடமும் போனாள். அங்கே என்ன பேசினார்கள் என்று என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வோஸின் பிக்கப் அதன் பிறகு வரவில்லை.

9

இதை எழுதுகிறேன் என்று மார்லிஸிடம் சொன்னேன். அவளுக்குத் தமிழ் தெரியாது. யோசித்துவிட்டுச் சொன்னாள்: "எழுது. ஆனா சிரிச்சான்னும் எழுதாத, சிரிக்கலன்னும் எழுதாத."

இரண்டாம் பகுதியில் வோஸின் உதட்டோரத்தில் ஒரு கோணலை வைத்திருந்தேன். இன்று அடித்துவிட்டேன். அவன் முகத்தை நான் கிட்டத்தில் பார்த்ததே இல்லை. அந்தக் கோணல் எங்கிருந்து வந்தது என்றால், கதைக்குத் தேவைப்பட்டது, வந்தது. மார்லிஸுக்கும் கூண்டில் நின்றபோது, எதிரே ஜோலினின் அம்மா உட்கார்ந்திருந்தபோது, ஏதோ ஒன்று தேவைப்பட்டிருக்கலாம். அல்லது அவள் பார்த்தே இருக்கலாம்.

கதைக்கு இன்னும் ஒரு காட்சிதான் பாக்கி. எழுதுகிறேன்:

பஸ் நிற்கிறது. சிவப்பு விளக்கு மின்னுகிறது. நிறுத்தப் பலகை நீண்டிருக்கிறது. எதிர்வெயிலில் பிக்கப் வருகிறது. கண்ணாடிக்குப் பின்னால் அவன் முகம் ஒரு கணம் தெரிகிறது. அவன்

அடுத்த சொல் உங்களுடையது. எழுதினால் ஒருவன் அதைச் சாகும்வரை சுமந்து திரிவான். எழுதாவிட்டால், தெரிந்துகொள்ள உங்கள் வாசலுக்கு வருவான்.