மூன்றரை மில்லிமீட்டர் புகழ்

பிரிட்டன் தீவின் உயிர்களைப் பற்றி மனித குலம் அறிந்து வைத்திருப்பதில் ஒரு பகுதி, ஹெட்லி க்ரோஹர்ஸ்ட் என்ற ஒருவர் பிறக்காமல் போயிருந்தால் என்றென்றைக்கும் இருளிலேயே கிடந்திருக்கும். அந்தப் பகுதியின் நீளம் மூன்றரை மில்லிமீட்டர்.

அது புல்லிலும் புதரிலும் சாறு உறிஞ்சித் தாவித் திரியும் ஒரு தத்துப்பூச்சி. பதினொரு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆகஸ்ட் காலையில், கிழக்குக் கடற்கரையோரம் ஹெதர் புதர் மண்டிக் கிடக்கும் டன்மியர் வெளியில் அவர் வலையில் விழுந்தது. இந்தத் தீவில் இதற்கு முன் யாரும் கண்டதில்லை என்று பூச்சியியல் இதழ் ஒன்றில் அவர் இரண்டு பக்கம் எழுதினார். அதன் லத்தீன் பெயரை அவர் சொல்லி முடிப்பதற்குள் கேட்டுக்கொண்டிருப்பவர் பஸ் ஏறிப் போய்விடுவார். அவர் மனைவி க்ளெனிஸ் அதை 'அந்தப் பூச்சி' என்பாள். வீட்டுப் பெட்டிகளில் ஒன்பதாயிரம் பூச்சிகள் இருந்தும், 'அந்தப் பூச்சி' எது என்று அந்த வீட்டில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

அந்தப் பூச்சியால்தான் ஹெட்லி தன் மாவட்டத்துக்குப் பதிவாளர் ஆனார். சம்பளம் கிடையாது, அலுவலகம் கிடையாது. ஆனால் எந்த நாவாய்ப்பூச்சியும் எந்தத் தத்துப்பூச்சியும் அவர் தலையசைக்காமல் அந்த மாவட்டத்தில் இருந்ததாகக் கொள்ள முடியாது. தோட்டத்தில் ஏதோ பச்சையாகக் கண்டவர்கள் போட்டோ அனுப்புவார்கள். ஹெட்லி ஒரு வாரம் காக்க வைத்து, "இருக்கலாம்" என்று பதில் போடுவார். கண்டது எது, எங்கே, என்றைக்கு, யார் கண்ணில் பட்டது என்று நான்கு கட்டங்களை நிரப்புவார். இதுதான் பதிவு. இதற்காகவே வாழும் மனிதர்கள் அந்நாட்டில் சில நூறு பேர் உண்டு. அவர்களில் தனக்கு எத்தனையாவது இடம் என்று ஹெட்லி அவ்வப்போது கணக்குப் போட்டுப் பார்ப்பார். நாற்பதுக்குக் கீழே ஒருநாளும் இறங்கியதில்லை.

திங்கட்கிழமை மின்னஞ்சல் வந்தது. எழுதியவர் டாக்டர் பிரையனி ஹாக்ஸ்வெல். எந்தப் பூச்சி எங்கே இருக்கிறது என்று காட்டும் தேசிய வரைபடத் தொகுப்பைப் புதிதாகக் கையில் எடுத்திருப்பவர், முப்பத்தைந்து வயதுகூட ஆகாதவர்.

'அன்புள்ள ஹெட்லி, உங்கள் பதிவுகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கொஞ்சம் சங்கடமான விஷயம் ஒன்று இருக்கிறது. எழுத்தில் வேண்டாம். சனிக்கிழமை உங்கள் சங்கத்தார் டன்மியரில் பூச்சி பிடிக்கப் போகும்போது நானும் வருகிறேன். டன்மியர் பூச்சிகள் இருக்கும் பெட்டியைக் கொண்டுவர முடியுமா?'

ஹெட்லி மூன்று தரம் படித்தார். மூன்றாவது தரம் படிக்கும்போது கையில் இருந்த டோஸ்டை எங்கே வைத்தோம் என்று தெரியவில்லை. மத்தியானம் அது பிரின்டருக்குள் கிடைத்தது.

அவர் மாடிக்குப் போய்க் கதவைத் தாழிட்டு, பெட்டியைத் திறந்து, அந்தப் பூச்சியை மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்தார். பதினொரு ஆண்டுகளில் அதைப் பார்ப்பது இதுவே முதல் தடவை. திறப்பு விழா முடிந்த சிலையின் கல்லை யார் போய்த் தட்டிப் பார்க்கிறார்கள்?

தத்துப்பூச்சிகளில் பாதியை வெளித்தோற்றத்தை வைத்து இனம் சொல்ல முடியாது. ஆண் பூச்சியின் வயிற்றைக் கத்தரித்து, காரத்தில் கொதிக்கவைத்து, உள்ளே இருக்கும் உறுப்பைப் பார்க்க வேண்டும். அது கொக்கி மாதிரி இருக்கிறதா, கரண்டி மாதிரியா, மான்கொம்பு மாதிரியா என்பதில்தான் பெயர் அடங்கியிருக்கிறது. கௌரவமான ஓய்வு பெற்ற மனிதர்கள் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய் வந்த பிறகு உட்கார்ந்து செய்கிற வேலை இது.

இதில் மான்கொம்பு இருந்தது. பதினொரு ஆண்டுகளுக்கு முன் அதைப் பார்த்துத்தான் அவருக்குப் புல்லரித்தது. இப்போதும் புல்லரித்தது, வேறு காரணத்துக்காக. ஒரு கொம்பு சூம்பியிருந்தது. மறுகொம்பு முறுக்கிக்கொண்டிருந்தது. வயிற்றுக்குள், கண்ணாடி போன்ற தோலுக்கு அப்பால், காற்புள்ளி மாதிரி இரண்டு கறுப்புக் கொக்கிகள்.

ஈப்புழுவின் வாய்.

தத்துப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிடும் ஒட்டுண்ணி ஈ ஒன்று உண்டு. அதன் புழு உள்ளேயே இருந்து தின்று வளரும். அப்படிப் புழு பிடித்த ஆண் பூச்சியின் உறுப்பு கோணி, சூம்பி, எந்தப் புத்தகத்திலும் இல்லாத வடிவத்துக்கு வந்துவிடும். இது இந்தத் துறையில் ஆரம்பப் பாடம். இதைப் பற்றிப் புதியவர்களை எச்சரித்துத் துண்டுப்பிரசுரம்கூட வந்திருக்கிறது. எழுதியவர் ஹெட்லி.

ஆக, அந்தப் பூச்சி டன்மியரில் காலை வைத்தால் நூறு எழும் சாதாரணத் தத்துப்பூச்சி. வயிற்றில் புழு இருந்தது, அவ்வளவுதான். ஒரு நோயாளியை ராஜகுமாரன் என்று அவர் ஊருக்கு அறிவித்திருந்தார்.

செவ்வாயும் புதனும் அவரால் சாப்பிட முடியவில்லை. சங்கத்துச் செய்திமடலில் 'திருத்தம்' என்ற தலைப்பில் நான்கு வரி வருவதை அவர் கண்ணெதிரே பார்த்தார். எழுத்தின் அளவுகூடத் தெரிந்தது. வண்டுகளுக்குப் பதிவாளரான நார்மன் ட்ரெட்கோல்ட் அந்த நான்கு வரியைக் கத்தரித்துப் பர்ஸில் வைத்துக்கொள்வான். சாகும்வரை வைத்திருப்பான். ஹெட்லி முந்திக்கொண்டால் சவப்பெட்டி பக்கத்தில் நின்று எடுத்துப் படிப்பான்.

வியாழக்கிழமை அவருக்கு ஒரு யோசனை வந்தது. அது வந்த வேகத்தைப் பார்த்து அவருக்கே பயமாக இருந்தது.

"ஹெட்லி, மாடிப்படி கார்ப்பெட்டைத் தூக்கிட்டு என்ன தேடற?" என்று கீழே இருந்து க்ளெனிஸ் கேட்டாள்.

"ஒண்ணுமில்லை."

"ஒண்ணுமில்லாததுக்கா டார்ச்சும் இடுக்கியும்?"

"கார்ப்பெட் வண்டோட புழு. மூணு கிடைச்சிருக்கு."

"பெரிய சாதனைதான். போன வாரம் வாக்குவம் கிளீனர்ல நான் நூறு புடிச்சேன். எந்தப் பத்திரிகைக்காரனும் வந்து என்னைக் கேக்கலை."

உலர்ந்த பூச்சி எதுவானாலும் தின்று தூளாக்குவது அந்தப் புழுவின் குணம். மியூசியங்களில் அதன் பேரைச் சத்தமாகச் சொல்லமாட்டார்கள். மூன்று புழு, இரண்டு நாள், மூடிய பெட்டி. 'ஐயோ டாக்டர், என்னவென்று சொல்ல, திறந்து பார்த்தால் வெறும் ஊசிதான் இருக்கிறது.' அந்த வசனத்தைக் குளியலறைக் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தார். துக்கம் நன்றாகவே வந்தது.

பெட்டியின் மூடியைத் திறந்து, புழுக்கள் இருந்த கண்ணாடிக் குப்பியைச் சாய்த்தார். பாதியில் நிறுத்தினார். பெட்டிக்குள் இருநூற்று முப்பது பூச்சிகள், அவரே பிடித்து, அவரே ஒட்டி, ஒவ்வொன்றின் காலையும் ஈரத் தூரிகையால் நீவி விட்டவை. மூன்று புழுவுக்கும் அந்த ஒன்றை மட்டும் தின்னச் சொல்லிக்கொடுக்க வழியில்லை. குப்பியை மூடிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, படிக்கட்டில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார்.

சனிக்கிழமை டன்மியரில் வெயில் அடித்தது. பிரையனி உயரமாக, சிரித்த முகமாக இருந்தாள். அந்தச் சிரிப்பை ஹெட்லி நம்பவில்லை.

"பெட்டி கொண்டு வந்தீங்களா? நல்லது. முதல்ல வேலையைப் பாப்போம். சாப்பாட்டுக்கு அப்புறம் நாம தனியா பேசலாம்."

தனியாக. டாக்டர்கள் தனியாகப் பேசலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எழுபது வயதுக்காரருக்குத் தெரியும். இவள் பூச்சிக்கு டாக்டர் என்பது அவருக்கு ஆறுதலாக இல்லை.

நார்மனும் வந்திருந்தான். மூன்று பேரும் புதர்களை வலையால் அடித்துக்கொண்டு போனார்கள். பத்து வீச்சுக்கு ஒரு தரம் மண்டியிட்டு, வலைக்குள் தலையை விட்டு, ரப்பர் குழாயை வாயில் வைத்து உறிஞ்சிப் பூச்சிகளைக் குப்பிக்குள் இழுக்க வேண்டும். ஹெட்லி உறிஞ்சினார். மூச்சு பாதி வழியிலேயே நின்றது.

"என்ன ஹெட்லி, இழுக்கத் தெம்பில்லையா?" என்றான் நார்மன். "பூச்சியெல்லாம் குழாய் வாசல்ல உக்காந்து உன்னை வேடிக்கை பாக்குது."

"உன் வேலையைப் பாரு."

"என் வேலை சுலபம்ப்பா. வண்டு தன்னால விழும். உன் ஆளுங்கதான் ட்ரவுசரை அவுத்துப் பாத்தாத்தான் பேர் சொல்லுவாங்க."

பிரையனி சிரித்தாள். அப்புறம் தன் வலைக்குள்ளிருந்து எதையோ எடுத்து, குப்பியை வெயிலுக்கு நேராகப் பிடித்தாள். "ஹெட்லி, இதைப் பாருங்க. ஈப்புழு புடிச்சது. வயிறு எப்படி ஊதியிருக்கு, பாவம்! இதை அறுத்துப் பாத்தா உள்ள என்னென்னமோ தெரியும், இல்லையா?"

இவளுக்கு எல்லாம் தெரியும். பூனை எலியை உடனே கடிப்பதில்லை, க்ளெனிஸின் பூனையே அப்படித்தான். "தெரியும்," என்றார். "நிறையத் தெரியும்."

"உக்காருங்க, முகம் வெளுத்துப் போச்சே. தண்ணி குடிக்கிறீங்களா?"

அந்தக் கரிசனம் அவரை இன்னும் பயமுறுத்தியது.

சாப்பாட்டு நேரத்தில் காருக்குத் திரும்பினார்கள். ஹெட்லி சீஸ் சாண்ட்விச்சைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். பெட்டி கார் பானட்டின் மேல் இருந்தது. பிரையனி கையைத் துடைத்துக்கொண்டு அதன் பக்கம் வந்தாள். ஹெட்லிக்கு நெற்றியெல்லாம் வேர்த்தது. கைக்குட்டையை இழுத்தார். கூடவே குப்பி வந்து விழுந்து, உருண்டு, நார்மனின் பூட்ஸில் முட்டி நின்றது.

நார்மன் எடுத்துப் பார்த்தான். லென்ஸை எடுத்து மறுபடி பார்த்தான்.

"இது என் இனமாச்சே," என்றான் மெதுவாக. "கார்ப்பெட் வண்டு. மூணும் உசுரோட இருக்கு. ஹெட்லி, பூச்சிப் பெட்டி இருக்கிற கார்ல இதைப் பாக்கெட்ல போட்டுட்டு வந்தியா? பொம்மைக் கடைக்குத் தீப்பந்தத்தோட போற மாதிரி?"

தூரத்தில் கடல் கேட்டது. பிரையனி குப்பியைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், ஹெட்லியைப் பார்த்தாள்.

"நான்தான் செஞ்சேன்," என்றார் ஹெட்லி. "இல்லை, செய்யலை. செய்யப் பாத்தேன். அந்தப் பூச்சி பொய். அது சாதாரணத் தத்துப்பூச்சி, ஈப்புழு புடிச்சது. திங்கட்கிழமைதான் பாத்தேன். பதினொரு வருஷமா ஊரை ஏமாத்திட்டிருக்கேன்னு எனக்கே தெரியாது. நீங்க கண்டுபிடிச்சுட்டீங்க. பதவியை எடுத்துக்குங்க. செய்திமடல்ல மட்டும் பெரிய எழுத்துல போட வேண்டாம், ப்ளீஸ்."

சாண்ட்விச் கீழே விழுந்தது.

"எந்தப் பூச்சி?" என்றாள் பிரையனி.

அவர் லத்தீன் பெயரைச் சொன்னார், முழுதாக.

"ஓ, அதுவா!" என்றாள் அவள். "அதைப் பட்டியல்லேர்ந்து எடுத்துப் பத்து வருஷம் ஆச்சே. ஒரு பெல்ஜியத்துக்காரர் உங்க கட்டுரையில இருந்த படத்தைப் பாத்துட்டு, இது ஈப்புழு வேலைன்னு ஒரே வரியில எழுதினார். உங்ககிட்ட யாரும் சொல்லலையா?"

"இல்லை."

"எல்லாருக்கும் தெரியுமேன்னு விட்டுட்டாங்க போல."

ஹெட்லி நார்மனைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியும்," என்றான் நார்மன். முகம் சிவந்து, புழுக்குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "சொல்ல மனசு வரலைப்பா. நீ அதைப் பத்திப் பேசும்போது அவ்வளவு சந்தோஷமா இருப்ப."

இதற்கு ஹெட்லி தயாராக இருக்கவில்லை. வாரம் முழுக்க அவர் பயந்து நடுங்கியது ஓர் உயரத்திலிருந்து விழுவதற்கு. அந்த உயரத்திலிருந்து அவரைப் பத்து வருடம் முன்பே இறக்கி, கீழே மெத்தையும் போட்டு வைத்திருந்தார்கள். அவருக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. பசிதான் வந்தது. குனிந்து சாண்ட்விச்சை எடுத்து மண்ணைத் தட்டினார்.

அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. "அப்போ நீங்க வந்தது எதுக்கு?"

பிரையனி மடிக்கணினியை எடுத்து, பானட்டில் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். "உங்க மத்த பதிவுகளுக்காக. ஆயிரத்து நூத்துப் பதினாலு. கம்ப்யூட்டர் அதையெல்லாம் ஏத்துக்கவே இல்லை. எனக்கு முன்னாடி இருந்தவர் 'பிறகு பார்க்கலாம்'னு ஒரு ஃபோல்டர்ல போட்டு வச்சிருந்தார். லேபிளை நேர்ல பாத்தாத்தான் தப்பு எங்கேன்னு தெரியும்னு பெட்டியைக் கேட்டேன்." அவள் பெட்டியின் மூடியைத் திறந்து, ஊசிகளின் அடியில் குத்தியிருந்த லேபிள்களை லென்ஸால் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஐந்தாவதில் நிறுத்தினாள். "ஆமா. நான் நினைச்சதுதான்."

திரையில் வரைபடம் விரிந்தது. அவருடைய மாவட்டம் வெள்ளையாக இருந்தது. சுத்தமான வெள்ளை, ஒரு புள்ளிகூட இல்லை. கரையிலிருந்து பதினைந்து மைல் தள்ளி, வடகடலின் நீலத்தில், அம்மை போட்டது மாதிரி சிவப்புப் புள்ளிகள்.

"அதெல்லாம் யாரோடது?" என்று கேட்டார் ஹெட்லி. கேட்கும்போதே தெரிந்துவிட்டது.

"கப்பல்லயா போய்ப் புடிச்ச?" என்றான் நார்மன். இந்தத் தடவை அவனுக்கே சிரிப்பு வரவில்லை.

பிரையனி குரலைத் தாழ்த்தினாள். "'எங்கே'ங்கிற கட்டத்துல வரைபட எண் போடும்போது கிழக்கு எண்ணை முதல்ல போடணும், வடக்கு எண்ணை அப்புறம் போடணும். லேபிள்ல சரியாத்தான் இருக்கு, ஆனா நீங்க கம்ப்யூட்டருக்கு மாறின நாள்லேர்ந்து அதுல ரெண்டையும் மாத்திப் போட்டிருக்கீங்க. எல்லாத்துலயும். சரி பண்ணிடலாம், ஆனா ஒவ்வொண்ணா பண்ணணும்."

ஓய்வு பெறும்வரை முப்பத்தொரு ஆண்டுகள் ஹெட்லி க்ரோஹர்ஸ்ட் பள்ளியில் பூகோளம் கற்பித்தார்.